முள் வாங்க நின்ற வரிசை

நாவல் குட்டைக் கரையில் மஞ்சக்காலி என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தாள். காலிரண்டும் மஞ்சள். கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல். அவள் குரல் எழும்பினால் குட்டையின் நாலு கரைக்கும் கேட்கும்.

அவள் இனத்தில் மரத்தில் கூடு கட்டும் பழக்கம் கிடையாது. வெட்டவெளித் தரையில் நான்கு முட்டைகள் இட்டு, சுற்றிலும் கூழாங்கற்களை வட்டமாக வைத்தால் வீடு முடிந்தது. முட்டையிட்ட மூன்றாம் நாளே அவள் கணவனை ராஜாளி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அடைகாப்பதும் அவள்தான். காவல் காப்பதும் அவள்தான்.

அந்தக் குட்டைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்க வரும் எந்த மிருகமும் மஞ்சக்காலியின் கல் வட்டத்தை மிதிக்கக் கூடாது. சுற்றித்தான் போகவேண்டும். யானையே வந்தாலும் சுற்றித்தான் போகும். அதற்குப் பதிலாக அவள் எல்லாருக்கும் காவல் இருப்பாள். தூரத்தில் மலைக் கணவாயில் ஒரு புலியின் வால் அசைந்தால் போதும்.

"டிட்டிட்டூ! டிட்டிட்டூ!" என்று வானத்தில் ஏறிக் கத்துவாள்.

முயல் புதருக்குள் ஓடும். சருகுமான் பள்ளத்தில் பதுங்கும். காட்டுப்பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மூங்கில் அடர்த்திக்குள் போய்விடும். புலி வந்து பார்த்தால் குட்டையில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும்.

குட்டைக் கரையடியில் பொந்துராசு என்ற பெருச்சாளி வளை தோண்டிக் குடியிருந்தான். கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்துப் போய் வளைக்குள் பதுக்குவது அவன் குணம். முள்ளம்பன்றி போகிற வழியெல்லாம் முட்களை உதிர்த்துக்கொண்டே போகும். அதைப் பொருட்படுத்துவார் யாருமில்லை. யாராவது காலில் வேல முள் தைத்தால், கீழே கிடக்கும் ஒரு முள்ளம்பன்றி முள்ளை எடுத்து நெம்பிவிட்டுத் தூக்கி எறிவார்கள். பொந்துராசு மட்டும் ஒன்று விடாமல் பொறுக்கிப் போய்ச் சேர்த்து வைத்திருந்தான்.

ஒரு கோடைக் காலையில் அவன் மூச்சிரைக்கக் கரைக்கு ஓடிவந்தான்.

"போச்சு! எல்லாம் போச்சு! கணவாய்க்கு அந்தப் பக்கம் செந்நாய்க் கூட்டம் இறங்கியிருக்கு! நாப்பது! இல்ல, அம்பது இருக்கும்!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முயலுக்குப் புரையேறியது. "ஐயையோ! இப்ப என்ன பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? பயப்படாதே!" என்று பொந்துராசு வளைக்குள்ளிருந்து ஒரு முள்ளை இழுத்துப் போட்டான். முழ நீளம். கருப்பும் வெள்ளையுமாகப் பளபளத்தது. "இதை வாயில கவ்விக்கிட்டு நின்னா எந்தச் செந்நாய் கிட்ட வரும்? ஒரு பிடி தினை குடு, எடுத்துக்கோ. உன் முகத்துக்காகத்தான் இந்த விலை!"

மஞ்சக்காலிக்குச் சந்தேகம் தட்டியது. "நான் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் எதுவும் வாங்காதீங்க!" என்று சொல்லிவிட்டுக் கணவாய்ப் பக்கம் பறந்தாள். செந்நாய்கள் இருந்தது உண்மைதான். ஆனால் மொத்தம் ஏழு. அவையும் ஒரு மான் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தன. அவள் ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதற்குள் ஒரு பிடித் தினை மூன்று பிடியாகியிருந்தது.

"ஏழே ஏழுதான்!" என்று அவள் இறங்கியதும் சொன்னாள். "அதுவும் அந்தப் பக்கமா போகுது. திரும்பி வந்தா நான் கத்துவேன். எப்பவும் போல ஓடி ஒளிஞ்சுக்கலாம்."

"இன்னைக்கு ஏழு. நாளைக்கு?" என்றான் பொந்துராசு. "கத்துவாளாம்! சத்தம் ஒரு ஆயுதமா? சத்தத்தை வச்சு ஒரு செந்நாயைக் குத்த முடியுமா? எங்கே, குத்திக் காட்டு பாப்போம்!"

கூட்டம் சிரித்தது. மஞ்சக்காலிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "குத்த வேண்டாம்டா! ஓடறதுக்கு நேரம் கிடைக்குதே, அது போதாதா? போன கோடையில புலி எத்தனை தடவை வந்துச்சு? உங்கள்ல ஒருத்தர் செத்தீங்களா?"

ஒருவரும் சாகவில்லைதான். ஆனால் நடக்காமல் போன சாவை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அந்த வழியாக வந்த முள்ளம்பன்றிக்குத் தன் முட்களைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. "அடப்பாவி! இதையா காசாக்குறே? என் முதுகுல இருக்கிறவரைக்கும்தான் அது ஆயுதம். நான் திரும்பி நின்னு பின்பக்கமா பாய்ஞ்சாத்தான் குத்தும். கீழே விழுந்துட்டா வெறும் குச்சி! அதை வாயில கவ்விக்கிட்டு நாயோட மூஞ்சிக்கு நேரா போய் நிக்கப் போறீங்களா?"

"உனக்கென்ன! முதுகு நிறைய வச்சிருக்கே, பேசுவே!" என்றது முயல். பிறகு பொந்துராசு பக்கம் திரும்பி, "எனக்கு இன்னும் ரெண்டு குடுங்கண்ணே!" என்றது.

நேற்றுவரை அவனை "ஏலே பெருச்சாளி" என்று கூப்பிட்ட முயல்தான் அது. மறுநாள் எல்லாருமே "பொந்துராசு அண்ணே" என்றார்கள். விலை பத்துப் பிடியைத் தொட்ட அன்று அவன் "முதலாளி" ஆகிவிட்டான்.

அவன் வளைக்குள் முட்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. வெளியே எடுத்து வைப்பதோ மூன்றே மூன்று. "கடைசி மூணு! இது போனா வராது! நேத்து விலை நேத்தோட போச்சு!" என்று கூவுவான். மூன்றும் போனதும் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போவான். "யாருக்கோ எடுத்து வச்சிருந்தேன். உங்க அவசரத்தைப் பாத்தா மனசு கேக்கல" என்று இன்னொரு மூன்றைக் கொண்டுவருவான். அதற்கு விலை இரட்டை.

அடைகாத்துக்கொண்டே மஞ்சக்காலி எல்லாவற்றையும் பார்த்தாள். கேட்கவும் கேட்டாள். பல்லையன் என்ற காட்டுப்பன்றியிடம் பொந்துராசு குசுகுசுவென்று பேசினான்.

"முயல் கூட்டம் இருபது முள்ளு வாங்கிட்டுப் போயிருக்கு. எல்லாம் செந்நாய்க்குன்னா நினைக்கிறீங்க? உங்க கிழங்குக் காட்டு மேல அதுங்களுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு!"

பல்லையன் கொஞ்சம் தள்ளிப் போனதும் முயலிடம் போனான்.

"பல்லையன் முப்பது வாங்கிட்டான்! இவ்வளவு பெரிய ஆளுக்கு முப்பது முள்ளு எதுக்கு? கொஞ்சம் யோசிச்சுப் பாரு!"

"டேய் புளுகுணி!" என்று மஞ்சக்காலி கத்தினாள். "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணா பேசுறியே! பல்லையா, உன்கிட்டயும் அவன் இப்படித்தான்..."

பல்லையன் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவன் வாயில் முள் இருந்தது.

அதுதான் வேடிக்கை. முள்ளைக் கவ்வினால் பேச முடியாது, புல் மேய முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது. கீழே வைத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வாரோ என்று பயம். பக்கத்தில் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக் கதை பேசிய மிருகங்கள் இப்போது வாயில் முள்ளோடு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றன. முயல் சட்டென்று திரும்பியதில் அதன் முள் பல்லையனின் கடைக்குட்டி கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் வந்தது. பல்லையன் உறுமினான். முயல் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றால் முள்ளைக் கீழே வைக்கவேண்டும். அது வைக்கவில்லை. அன்று பல்லையன் இருந்த தினையெல்லாம் கொடுத்து இன்னும் ஐந்து முள் வாங்கினான்.

வெயில் ஏறிய ஒரு மத்தியானம். வளையின் வாயிலிருந்து கிளம்பிய வரிசை கரை நெடுக நீண்டு கிடந்தது. மஞ்சக்காலியின் கல் வட்டத்தை ஒட்டி அது வளைந்து போயிற்று. அதுவரைக்கும் வழக்கத்தை யாரும் மீறவில்லை.

கோடை வெயிலில் முட்டைகள் வெந்துவிடும். அதனால் மத்தியானத்தில் மஞ்சக்காலி குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள் மேல் உட்காருவாள். அன்றும் அதற்காகத்தான் போனாள். தண்ணீரில் வயிறு படும்படி உட்கார்ந்து இரண்டு முறைதான் சிலிர்த்திருப்பாள்.

"இன்னும் பத்தே பத்து!" என்று பொந்துராசு கத்துவது கேட்டது. "இதோட கடை மூடியாச்சு! பத்து பேருக்குத்தான்! ஓடியாங்க!"

வரிசை உடைந்தது. அத்தனை மிருகங்களும் முட்டி மோதிக்கொண்டு ஓடின.

மஞ்சக்காலி வயிற்றில் ஈரம் சொட்டச் சொட்டப் பறந்து வந்தாள். கூழாங்கற்கள் சிதறிக் கிடந்தன. மூன்று முட்டைகள் இல்லை. மண்ணில் மஞ்சள் கருவும் ஓடும் மிதிபட்டுக் கிடந்தன. ஓர் ஓட்டுக்குள் கண் திறக்காத குஞ்சு ஒன்று இருந்தது. பொரிக்க இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. நான்காவது முட்டை மட்டும் உருண்டு போய் ஒரு புல் கொத்தில் தங்கியிருந்தது.

அவள் முதலில் அதைக் கல் வட்டம் இருந்த இடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். பிறகு கத்தினாள்.

"யார் மிதிச்சது? கால்ல ஒட்டியிருக்குமில்ல! காட்டுங்க! ஒவ்வொருத்தரா காலைத் தூக்கிக் காட்டுங்க!"

யாரும் காட்டவில்லை. வாயில் முள்ளைக் கவ்விக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். முள் இன்னும் கிடைக்காத பல்லையனின் தம்பி மட்டும் முணுமுணுத்தான். "தெரியாம நடந்துபோச்சு. நான் இங்கேயிருந்து நகர்ந்தா என் இடம் போயிடும். கோவிச்சுக்காதே."

"இடமா? என் பிள்ளைங்க போயிடுச்சுடா! உனக்கு வரிசையில இடமா பெரிசு?"

அப்போது சருகி என்ற சருகுமான் வரிசையை விட்டு வெளியே வந்தாள். கோடைக்கென்று சேர்த்து வைத்த நெல்லிக்காய் முழுவதையும் கொடுத்து அன்று காலையில்தான் ஒரே ஒரு முள் வாங்கியிருந்தாள். அதைத் துப்பினாள். முன்னங்காலைத் தூக்கினாள். குளம்பின் இடுக்கில் மஞ்சள் கரு காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, நானும் மிதிச்சேன். இன்னும் ரெண்டு கடனுக்காவது வாங்கலாம்னு ஓடினேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. மிச்சமிருக்கிற ஒண்ணுக்கு நிழல் வேணுமில்ல? நான் நிக்கிறேன்."

மஞ்சக்காலி அவள் முகத்தில் கொத்தப் போனாள். கொத்தவில்லை. கொத்தினால் முட்டை திரும்பி வருமா?

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே இந்த வாயிலிருந்து உங்களுக்காக ஒரு சத்தம் வராது! செத்தாலும் வராது! உங்க முள்ளு உங்களைக் காப்பாத்தட்டும்!"

"அப்பாடா, தொல்லை விட்டது!" என்றான் பொந்துராசு. "காவல் காக்கவும் ஆள் இல்லையாம்! இனி முள்ளுக்கு எவ்வளவு கிராக்கி வரும்னு நீங்களே சொல்லுங்க!" அன்று சாயங்காலத்துக்குள் விலை இன்னொரு மடங்கு ஏறியது. அவன் வளைக்குள் தினையும் கிழங்கும் காயும் மேலே மேலே அடைந்து, வாய்வரை வந்து முட்டின.

மறுநாள் உச்சிப்பொழுது. மேற்கே போன மான் கூட்டத்தைத் தவறவிட்ட ஏழு செந்நாய்களும் பசியோடு கணவாயில் இறங்கின.

மஞ்சக்காலி பார்த்துவிட்டாள். அவள் ஒற்றை முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே வழக்கம்போல வரிசை. அவள் குஞ்சுகளை மிதித்த கால்கள் அத்தனையும் அங்கே நின்றன. அவள் பேசாமல் இருந்தால் போதும். தரையோடு தரையாகப் பதுங்கினால் எந்த நாய்க்கும் அவள் தெரியமாட்டாள். எழும்பிக் கத்தினாலோ, முட்டை வெயிலில் கிடக்கும். நாயின் கண்ணிலும் படும்.

'சாகட்டும்! நல்லா சாகட்டும்!' என்று அவள் மனம் சொன்னது. பக்கத்தில் சருகி நின்றுகொண்டிருந்தாள். நேற்றிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பல்லையனின் கடைக்குட்டி கன்னத்துக் காயத்தை நக்க எட்டாமல் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டி யாரை மிதித்தது?

மஞ்சக்காலிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே வானத்தில் ஏறினாள்.

"டிட்டிட்டூ! டிட்டிட்டூ! செந்நாய்! ஓடுங்கடா, முட்டாப் பயலுகளா! ஓடுங்க!"

சருகி தாவிக் குட்டைக்குள் முங்கி மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள். வரிசையில் நின்றவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். முயல் ஓரடி எடுத்தும் வைத்தது.

"நம்பாதீங்க!" என்று பொந்துராசு அலறினான். "முட்டை போன ஆத்திரத்துல உங்களை விரட்டப் பாக்குறா! போனீங்கன்னா இடம் போச்சு! திரும்பி வரும்போது விலை வேற!"

முயல் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தது. எல்லாரும் நின்றார்கள். ஓடி ஒளிவதற்கு இருந்த நேரமெல்லாம் அப்படி நின்றதிலேயே போயிற்று.

புழுதிக்குள்ளிருந்து ஏழு செந்நாய்களும் வந்து விழுந்தன. முள்ளை நீட்டிக்கொண்டு எல்லாரும் முன்னால் பார்த்தார்கள். நாய்கள் பின்னால் வந்தன. முள்ளம்பன்றி சொன்னது அப்போதுதான் உறைத்தது. பல்லையன் வாயில் மூன்று முட்களோடு சுழன்றான். முள் ஒரு நாயின் விலாவில் பட்டு ஒடிந்தது. நாய் உடம்பைச் சிலிர்த்ததோடு சரி. அவனுடைய சொந்தப் பற்கள், புலியையே யோசிக்க வைக்கும் அந்த இரண்டு கொம்புப் பற்கள், கவ்விய முட்களுக்குப் பின்னால் ஒன்றுக்கும் உதவாமல் இருந்தன. அவன் மறுபடி சுழல்வதற்குள் ஒரு நாய் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பல்லையன் முட்களைத் துப்பினான். காடு அதிர உறுமினான். அடுத்து வந்த நாயைப் பல்லால் கிழித்துத் தூக்கி எறிந்தான். அதைப் பார்த்த முயல் முள்ளைப் போட்டுவிட்டுத் தன் நான்கு கால்களையும் நம்பி ஓடியது. எல்லாருமே போட்டுவிட்டு ஓடினார்கள். கரையெங்கும் முட்கள் இறைந்தன.

பொந்துராசு தன் வளைக்குப் பாய்ந்தான். தலை நுழைந்தது. உடம்பு நுழையவில்லை. வாங்கிச் சேர்த்த தினையும் கிழங்கும் வளையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. பின்னால் நாயின் மூச்சுச் சுட்டது.

"முள்ளு!" என்று அவன் கதறினான். "யாராவது ஒரு முள்ளு குடுங்க! என்ன விலைன்னாலும் தர்றேன்!"

அவனைச் சுற்றி நூறு முட்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாய்கள் அவனையும் இழுத்துக்கொண்டு போயின.

புழுதி அடங்கியதும் மஞ்சக்காலி இறங்கினாள். முட்டை சுட்டது. குட்டைக்கு ஓடி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அதன் மேல் உட்கார்ந்தாள். காதை வைத்துக் கேட்டாள். உள்ளே லேசாகத் தட்டும் சத்தம்.

சாயங்காலம் பல்லையன் வந்தான். வாயில் முள் இல்லை. ஒரு கூழாங்கல் இருந்தது. கல் வட்டம் கலைந்த இடத்தில் அதை வைத்தான். பின்னாலேயே முயல் ஒன்று வைத்தது. தலையைக் குனிந்துகொண்டு சருகியும் ஒன்று வைத்தாள். பல்லையனின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"உனக்கு ஒண்ணு போச்சு. எனக்கு மூணு போச்சு" என்றாள் மஞ்சக்காலி. "கல்லு வச்சதால உங்களையெல்லாம் மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. மன்னிக்கல. பல்லையா, அன்னைக்கு அவன் புளுகினப்ப நீ ஒரு நிமிஷம் அந்த முள்ளைக் கீழே வச்சிட்டு என்கிட்ட வந்து கேட்டிருந்தா, உன் குட்டி இப்ப உன் மடியில கிடக்கும்."

பல்லையன் எதுவும் சொல்லவில்லை. இப்போது அவன் வாயில் எதுவும் இல்லைதான்.

"ஆனா நாளைக்கும் கத்துவேன்" என்றாள் அவள். "போங்க. போகும்போது சுத்திப் போங்க."

எல்லாரும் கல் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பயத்தைக் கிளப்பி விற்கிற ஆயுதத்தை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், ஒருவருக்கொருவர் இருக்கும் காவலை மிதித்துவிட்டு வாங்கினால் அது யாரையும் காப்பாற்றாது.